வந்த வாசலால் போகாதே!

கம்ப்யூட்டரில் ஒரு ஃபைல் சரியாகத் திறக்கவில்லையென்றால் நம்மவர்கள் மூன்று காரியம் செய்வார்கள். மறுபடி மறுபடி தட்டிப் பார்ப்பது. மெஷினை அணைத்துப் போடுவது. 'வைரஸ் ஸார்!' என்று தீர்ப்பெழுதி அழித்துவிடுவது. மூன்றாவதுதான் எனக்குப் பிடிக்காதது. பேரேடு புரியவில்லை என்று எந்த பி.காம்.காரனாவது அதை அடுப்பில் போடுவானா?

எங்கள் திருவிடைமருதூரில் பக்கத்து வீட்டு மாமா ஒரு நாள் பென் டிரைவோடு வந்தார். அவருடைய அண்ணன் 2002-ல் ஒரு டி.டி.பி. சென்டரில் அடித்து வைத்த குடும்பக் கணக்கு அதில் இருந்தது. அண்ணன் இப்போது இல்லை. அச்செடுத்த காகிதத்தைக் கரையான் தின்றுவிட்டது. மிச்சம் இந்த ஃபைல்தான். யாரோ ஒரு புண்ணியவான் 'வைரஸ், அழிச்சிடுங்க' என்று வேறு சொல்லியிருக்கிறார்.

திறந்தேன். பக்கம் முழுக்க ஆங்கில எழுத்து, நடுநடுவே அரைப்புள்ளி.

"அண்ணன் இங்கிலீஷ்ல திட்டி வச்சிருக்காரா தம்பி?" என்றார் மாமா, கவலையாக.

"திட்டலை மாமா. தமிழ்தான். வேஷம் போட்டிருக்கு."

விஷயம் இதுதான். யூனிகோடில் தமிழுக்கு 1991-லேயே இடம் கிடைத்துவிட்டது. ஆனால் அது நம் மேஜைக்கு வந்து சேர வெகுகாலம் ஆயிற்று. அதுவரை ஆளுக்கொரு ஃபான்ட், ஃபான்ட்டுக்கொரு சட்டம். 1999-ல் சென்னையில் 'தமிழ்நெட் 99' மாநாடு கூடி 'டாம்', 'டாப்' என்று தரம் பேசினார்கள். தமிழக அரசு யூனிகோடை ஏற்றது 2010-ல். பாமினி போன்ற பழைய ஃபான்ட்டுகள் ஆங்கில எழுத்தின் நாற்காலியில் தமிழை உட்கார வைத்தன. பாமினியில் 'அம்மா' என்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டருக்கு அம்மாவும் தெரியாது, அப்பாவும் தெரியாது!

முதலில் ஒரு நகல் எடுத்துக்கொண்டேன். வேர்டில் எழுத்தின் மேல் கர்ஸரை வைத்து, மேலே ஃபான்ட் பெட்டியைப் பார்த்தேன். ஃபான்ட் நம்மிடம் இல்லாவிட்டாலும் பெயர் மட்டும் அங்கே நிற்கும். பாமினி! அதை இறக்கிப் போட்டதும் அரைப்புள்ளியெல்லாம் மெய்யெழுத்தின் தலைமேல் ஏறிக்கொண்டது. மாமா நெருங்கி உட்கார்ந்து படித்தார்.

நடுவில் ஒரு வரி: '1986. கிணறு வெட்ட, சின்னவன் பம்பாயிலிருந்து அனுப்பியது ரூ.400. திருப்பித் தரவில்லை. அவனும் கேட்கவில்லை.'

"மறந்துட்டான்னுல்ல நினைச்சிருந்தேன்..." மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க வேண்டியது கண்ணாடி அல்ல என்பது எனக்குத் தெரியும். கணக்கில் நானூறு ரூபாய் பாக்கிதான். ஆனாலும் அன்றைக்கு அது நேராகிவிட்டது.

பிறகு கன்வெர்ட்டரில் போட்டு யூனிகோடாக்கி, வேறு பெயரில் சேமித்துக் கொடுத்தேன்.

உங்களிடமும் இப்படி ஒன்று இருந்தால், ஸ்பெல்செக் போடும் சிவப்புக் கோட்டை நம்பி எதையும் திருத்தாதீர்கள். பாமினியில் சின்ன எம் 'அ', பெரிய எம் 'ஆ'. ஒரு எழுத்து மாறினால் தாத்தா பெயரே மாறிவிடும்.

எங்கள் ஊர் மகாலிங்க சுவாமி கோயிலில் கிழக்கு வாசலால் நுழைந்த வரகுண பாண்டியன் வேறு வாசலால் வெளியேறினான், பிரம்மஹத்தி கிழக்கு வாசலிலேயே நின்றுவிட்டது என்பது புராணம். பழைய ஃபைலுக்கும் அதே விதிதான் ஸார். பழைய பெயரில் திறங்கள். புதிய பெயரில் சேமியுங்கள். மூலத்தைத் தொடாதீர்கள்!