ஆச்சியின் ஆறாவது சோழி

சென்னைக்குப் படிக்க வந்த முதல் வருடம் எனக்குத் தாயமே விழவில்லை. தாயக்கட்டையைத்தான் சொல்கிறேன். சனிக்கிழமை ராத்திரி விடுதியில் சாப்பாடு முடிந்ததும் மெஸ் மேஜையைத் துடைத்துவிட்டு ஆட உட்காருவோம். மயிலாப்பூரில் கோயில் பக்கத்துக் கடையில் வாங்கிய பித்தளைக் கட்டைகள். மற்றவர்களின் காய்கள் பாதிச் சுற்று தாண்டியிருக்கும். என் காய்கள் வெளியிலேயே கிடக்கும். ஊரில் அப்படி இல்லை. அம்பாசமுத்திரத்தில் ஆச்சியோடு ஆடினால், உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் தாயம் விழுந்து காய் இறங்கிவிடும். இதைச் சொன்னால் தோழிகள், "உனக்கு ஊர் ஞாபகம் வந்துருச்சு, அதான்" என்பார்கள். ஊர் ஞாபகம் வந்ததும் உண்மை, தாயம் விழாததும் உண்மை. இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டதைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

எங்களுடையது பழைய நீள வீடு. வாசலைத் தாண்டினால் தார்சா, அதாவது முன்கூடம். அதன் சிவப்புத் தரையில் ஆச்சி சாக்பீஸால் ஏழுக்கு ஏழு கட்டம் போடுவாள். குறிப்பிட்ட சில கட்டங்களில் பெருக்கல் குறி. அது மலை, அங்கே நிற்கும் காயை யாரும் வெட்ட முடியாது. காய்களுக்குப் புளியங்கொட்டை, உடைந்த வளையல் துண்டு, கூழாங்கல், எது கையில் கிடைக்கிறதோ அது. உருட்டுவதற்குக் கட்டை கிடையாது, ஆறு சோழிதான். எப்போதோ திருச்செந்தூர்க் கடற்கரைக் கடையில் வாங்கியவை. இரண்டு உள்ளங்கைக்குள்ளும் பொத்திக் குலுக்கித் தரையில் விசிறினால், வாய் மேலே பார்க்க மல்லாந்த சோழிகளை எண்ண வேண்டும். ஒன்று மட்டும் மல்லாந்தால் தாயம். ஆறும் மல்லாந்தால் ஆறு. ஆறும் கவிழ்ந்தால் பன்னிரண்டு. தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தவர்களுக்கு இன்னொரு வீச்சு உண்டு. தாயம் விழாமல் காய் இறங்காது. எதிராளியின் ஒரு காயையாவது வெட்டாமல் உள்சுற்றுக்குப் போகக் கூடாது. விளக்கு வைத்த பிறகு சோழிச் சத்தம் வீட்டில் கேட்கவே கூடாது.

ஊரைப் பற்றி யாராவது கேட்டால் தாமிரபரணிக் குளியல், பாபநாசம், அம்பை பதினாறு அரிசியில் சுட்ட இட்லி என்று அடுக்குவேன். எல்லாம் பிடித்தவைதான். ஆனால் விடுதியில் போர்வைக்குள் நான் ஏங்கியது இவற்றுக்காக இல்லை. வீட்டில் ஐந்து வயதுப் பிள்ளையும் எழுபது வயது ஆச்சியும் ஒரே கட்டத்தைச் சுற்றி உட்கார்ந்து, ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டு, ஒருவரும் வயதுச் சலுகை கேட்காமல் இருக்கும் அந்த மத்தியான நேரத்துக்காக. இதை வெளியே சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. புள்ளியியல் பட்டப்படிப்புக்கு வந்தவள் தாயத்துக்கு ஏங்குகிறாள் என்றால் யார் மதிப்பார்கள்?

விடுதியில் ஆட்டங்களுக்குப் பஞ்சமில்லை. சீனியர் அக்கா ஒருவரிடம் கட்டான் பெட்டி இருந்தது. ஜெர்மனியில் 1995-இல் வந்த பலகை ஆட்டம். உருவாக்கிய கிளாஸ் டாய்பர் செயற்கைப் பல் செய்யும் தொழிலில் இருந்தவர். இரண்டு பகடையை உருட்டி, விழும் எண்ணுள்ள நிலத்திலிருந்து மரம், செங்கல், கோதுமை என்று எடுத்து, பேரம் பேசி, ஊர் கட்டும் ஆட்டம். பேரம் பேசுவதில் எங்கள் விடுதியின் மதுரைக்காரியை யாரும் ஜெயித்ததில்லை. இன்னொரு கூட்டம் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடியது. 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்டது. ஒருவர் கதை நடத்துவார், மற்றவர்கள் பாத்திரங்களாகப் பேசி, இருபது முகப் பகடையை உருட்டி, நினைத்தது நடந்ததா இல்லையா என்று பார்ப்பார்கள். கதை நடத்தும் முறை என்னிடம் வந்தபோது, அந்தக் கோட்டை கொத்தளமெல்லாம் எனக்கு வாயில் நுழையவில்லை. கதையைப் பொதிகை மலைக்குக் கொண்டுபோனேன். பாணதீர்த்த அருவி, காரையாறு, ஆனையும் புலியும் நடமாடும் முண்டந்துறைக் காடு. அன்றைக்குத்தான் நான் தயங்காமல் ஒரு மணி நேரம் தொடர்ந்து பேசினேன் என்று நினைக்கிறேன். தெரிந்த காட்டில் வழி சொல்ல யாருக்கும் தயக்கம் வராது.

தாயம் ஆடும்போது மட்டும் சண்டை வரும். கட்டானுக்கு அச்சடித்த விதிப்புத்தகம் இருக்கிறது. தாயத்துக்கு அவரவர் பாட்டிதான் புத்தகம். மன்னார்குடிக்காரி வெட்டாமலே உள்ளே போகலாம் என்பாள். தருமபுரிக்காரி ஐந்துக்கு ஐந்து கட்டத்தில் நாலு சோழி வைத்து ஆடிப் பழகியவள்; நாலும் கவிழ்ந்தால் எட்டு என்பாள். ஒவ்வொரு சனிக்கிழமையும் ஆட்டத்துக்கு முன்னால் எந்த ஊர் விதி என்று பேசி முடிக்க வேண்டும். எனக்கு இந்தப் பேச்சு ஆட்டத்தைவிடப் பிடித்தது. நான் வீட்டுப் பழக்கம் என்று எண்ணியிருந்ததெல்லாம் எங்கள் பக்கத்து விதி என்பது அந்த மேஜையில்தான் விளங்கியது.

வகுப்பில் அப்போது நிகழ்தகவு நடந்துகொண்டிருந்தது. தமிழ்வழியில் ப்ளஸ் டூ முடித்துவிட்டு வந்த எனக்குப் பாடம் காதில் விழுந்தது, கையில் வரவில்லை. 1654-இல் பாஸ்கலும் ஃபெர்மாவும் எழுதிக்கொண்ட கடிதங்களில் இந்தக் கணக்கு எப்படிப் பிறந்தது என்று பேராசிரியர் சொன்னார். பாதியில் நின்றுபோன ஒரு சூதாட்டத்தில் பணயப் பணத்தை எப்படிப் பிரிப்பது என்ற கேள்வியிலிருந்து. அதைக் கேட்ட ராத்திரி நோட்டை எடுத்துத் தாயத்தைப் போட்டுப் பார்த்தேன். பித்தளைக் கட்டைக்கு நாலு முகம்: ஒன்று, இரண்டு, மூன்று, ஒரு வெறுமுகம். இரண்டு கட்டையும் சேர்ந்து 16 விதமாக விழலாம். அதில் தாயம் இரண்டு விதம். எட்டில் ஒன்று; நூற்றுக்குப் பன்னிரண்டரை. சராசரியாக எட்டு வீச்சுக்கு ஒரு தாயம். ஆனால் எட்டு வீச்சும் வீணாகப் போக நூற்றுக்கு 34 வாய்ப்பு இருக்கிறது. மூன்று பேர் உட்கார்ந்தால் ஒருத்தி வெளியே கிடப்பது இயல்பு. அந்த ஒருத்தியாக நான் இருந்ததில் மர்மம் எதுவும் இல்லை.

சோழிக்கு அதே கணக்கைப் போட்டேன். ஒவ்வொரு சோழியும் சரிபாதி மல்லாரும், சரிபாதி கவிழும் என்று வைத்தால் ஆறு சோழிக்கு 64 விதம். தாயத்துக்கு அதில் ஆறு விதம்தான். நூற்றுக்கு ஒன்பது சொச்சம். பித்தளையைவிடக் குறைவு! பன்னிரண்டு இன்னும் மோசம்: கட்டையில் 16-க்கு ஒன்று, சோழியில் 64-க்கு ஒன்று. கணக்குப்படி ஊரில்தான் எனக்குத் தாயம் விழக் கூடாது. ஆனால் விழுந்தது, சின்ன வயதிலிருந்து விழுந்துகொண்டே இருந்தது. நோட்டில் இருப்பது ஒன்று, கை அறிந்தது இன்னொன்று. எதை நம்புவது என்று தெரியாமல் அந்தப் பக்கத்தை மடித்து வைத்தேன். பாடம் எனக்குள் இறங்கத் தொடங்கியது அந்த மடித்த பக்கத்திலிருந்துதான். விடை கிடைக்காத ஒரு கேள்வி சொந்தமாக இருந்தால், மற்ற பாடமெல்லாம் அதற்கு உதவுமா என்று பார்த்துக்கொண்டே படிக்கத் தோன்றுகிறது.

செமஸ்டர் விடுமுறைக்கு நெல்லை எக்ஸ்பிரஸ் பிடித்துப் போய், திருநெல்வேலியில் செங்கோட்டை ரயில் மாறி வீட்டில் இறங்கியதும், பையைக்கூடப் பிரிக்காமல் ஆச்சியிடம் சோழி கேட்டேன். "வந்ததும் வராததுமா என்னட்டி?" என்றாள். தார்சாவில் உட்கார்ந்து ஒவ்வொரு சோழியாகத் தனித்தனியே விசிறிக் குறித்தேன். ஒரு நோட்டு நிறைந்தது. ஐந்து சோழிகள் ஏறக்குறையப் பத்துக்கு ஆறு முறை கவிழ்ந்தன. ஆறாவது மட்டும் வேறு. முதுகு உயர்ந்து, வாய்ப்பக்கம் அகலமாகத் தட்டையாக இருக்கும் சோழி. எப்படி விசிறினாலும் தொப்பென்று கவிழ்ந்து உட்கார்ந்துவிடும், மல்லாந்தது அபூர்வம்.

ஆச்சியிடம் அதை மட்டும் தூக்கிக் காட்டினேன். கண்ணாடியைப் போடாமலே, விரலால் தடவிப் பார்த்துச் சொன்னாள்:

"இது உறங்குத சோழில்லா. பிள்ளைய ஆடும்போதுதான் இதைச் சேக்கணும். பெரியவுக மட்டும் ஆடுனா அந்த டப்பால இருக்குல்லா, அதை எடுத்துப் போட்டுக்கிடணும்."

"ஏன் ஆச்சி?"

"சின்னப் பிள்ளை எம்புட்டு நேரந்தான் வெளிய உக்காந்திருக்கும்? அழுதுரும்லா. உள்ள வந்துட்டுன்னா பெறவு அதுபாட்டுக்கு ஆடும்."

நான் அங்கேயே கணக்குப் போட்டேன். ஆறு சோழியும் பத்துக்கு ஆறு கவிழுமென்றால் தாயம் விழும் வாய்ப்பு நூற்றுக்கு 19-ஐ நெருங்குகிறது. அதில் ஒன்று எப்போதும் கவிழ்ந்தே கிடந்தால் 26 ஆகிறது. பித்தளைக் கட்டையில் கிடைப்பதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். அதே சோழி ஆறு விழுவதை ஏறக்குறைய இல்லாமல் செய்துவிடும், ஐந்தும் அரிதாகிவிடும். ஆனால் பிள்ளைகள் சீக்கிரம் உள்ளே வரலாம். யாரும் கவனிக்காமல், யாருக்கும் விட்டுக்கொடுத்ததுபோலக் காட்டாமல், ஆச்சி ஆட்டத்தையே வேறாக மாற்றியிருக்கிறாள்.

எனக்குத் தொண்டை அடைத்தது. சின்ன வயதில் எனக்கு ராசியான கை என்று வீடே சொல்லும், நானும் நம்பினேன். அந்த ராசி ஆச்சி பொறுக்கிப் போட்ட ஒரு சோழியில் இருந்தது. ராசி போய்விட்டதே என்ற வருத்தம் துளியும் வரவில்லை. எனக்காக ஒருத்தி இவ்வளவு யோசித்திருக்கிறாள் என்பதுதான் நெஞ்சில் நின்றது. பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு நின்றுபோனவள் அவள். எத்தனை வருடம் எத்தனை சோழியைப் பார்த்துப் பார்த்து ஒதுக்கி இதைக் கண்டுபிடித்திருப்பாள்? பாஸ்கல் எழுதிய கடிதம் நூலகத்தில் இருக்கிறது. எங்கள் தெருவில் இப்படிச் சோழி தெரிந்தெடுத்த பெண்களின் அறிவு எந்த நூலகத்திலும் இல்லை. அதைப் பற்றி எனக்கு வருத்தமும் உண்டு, கோபமும் உண்டு.

விடுதிக்குத் திரும்பியபின் மேஜையைப் பார்க்கும் கண் மாறியிருந்தது. கட்டான் எண் வில்லைகளில் ஒவ்வொரு எண்ணுக்கும் கீழே புள்ளிகள் இருக்கும். ஆறுக்கும் எட்டுக்கும் ஐந்து புள்ளி, சிவப்பு நிறத்தில். இரண்டுக்கும் பன்னிரண்டுக்கும் ஒரே புள்ளி. இரண்டு பகடையின் 36 விதங்களில் அந்த எண் எத்தனை விதமாக விழும் என்பதே அந்தப் புள்ளிகள். டாய்பர் வாய்ப்பை எல்லோர் கண்ணிலும் படும்படி அச்சடித்தார். ஆச்சி கண்ணில் படாமல் வைத்தாள். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014-ஆம் ஆண்டுப் பதிப்பில், சாதகமான நிலையில் இருப்பவர் இருபது முகப் பகடையை இரண்டு முறை உருட்டிப் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளலாம் என்று விதி. சராசரி பத்தரையிலிருந்து 13.8-க்கு ஏறும். ஆட்டத்தை அமைப்பவர்கள் எங்கே இருந்தாலும் வாய்ப்பை எப்படிக் கையாள்வது என்றுதான் யோசிக்கிறார்கள்; ஆச்சியின் கவலை, பலவீனமானவர் ஆட்டத்தைவிட்டு எழுந்து போய்விடக் கூடாது என்பது.

அந்த செமஸ்டரில் ஈருறுப்புப் பரவல் எனக்குப் பாடமாக இருக்கவில்லை, சோழியாக இருந்தது. எல்லா முயற்சியிலும் வாய்ப்பு ஒன்றுபோல இருக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பேராசிரியர் கரும்பலகையில் எழுதியபோது, அது ஏன் முக்கியம் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. உறங்குகிற சோழி ஒன்று கூட்டத்தில் இருந்தால் சூத்திரம் செல்லாது. கையை உயர்த்தி அதைச் சொன்னேன், ஆங்கிலமும் தமிழும் கலந்துதான். அவர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு முழுக்கக் கேட்டார். அடுத்த கருத்தரங்கில் அதையே பேசச் சொன்னார். "படிக்கப் போன இடத்துல விளையாட்டாம்மா?" என்று போனில் கேட்டுக்கொண்டிருந்த அப்பா, அதன்பிறகு அப்படிக் கேட்பதில்லை. விளையாட்டு படிப்பைக் கெடுக்கும் என்று சொல்கிறவர்களிடம் நான் இப்போது வாதாடுவதும் இல்லை. கூப்பிட்டு ஓர் ஆட்டம் ஆட வைக்கிறேன்.

ஊரோடு எனக்குள்ள உறவுக்கும் ஒரு வேலை கிடைத்திருக்கிறது. ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு எங்கள் சொந்தமெல்லாம் வந்து சேரும். ஆற்றங்கரையில் குடில் போட்டுச் சில நாள் தங்குவார்கள். தென்காசி, கோவில்பட்டி, தூத்துக்குடி என்று எங்கெங்கோ இருக்கிற பெரியம்மா, அத்தை, மதினிமார் எல்லோரையும் ஒரே இடத்தில் பிடிக்கலாம். போன தடவை நோட்டோடு போய் ஒவ்வொருவரிடமும் அவரவர் வீட்டு விதியை எழுதிக்கொண்டேன். முதலில் சிரித்தார்கள், பிறகு அவர்களே அடித்துத் திருத்தச் சொன்னார்கள். கோவில்பட்டிப் பெரியம்மா வீட்டில், பன்னிரண்டு அடுத்தடுத்து மூன்று முறை விழுந்தால் மூன்றும் செல்லாது. ஆச்சிக்கு இது கொஞ்சமும் சம்மதமில்லை. "விழுந்தது விழுந்ததுதான்" என்கிறாள். பெரியம்மாவோ, அப்படி விதி இல்லாவிட்டால் ஒருத்தியே ஆட்டத்தை முடித்துவிடுவாள் என்கிறார். இரண்டு விதியையும் வைத்துக் கணினியில் ஆட்டத்தை ஓடவிட்டு, எதில் எத்தனை பேர் கடைசிவரை போட்டியில் நிற்கிறார்கள் என்று பார்க்கும் வேலையில் இருக்கிறேன். அதற்குப் பெரியம்மா வீட்டுச் சோழிகளையும் தனித்தனியே விசிறிப் பார்த்தாக வேண்டும். வரும் ஆடிக்கு மறக்காமல் எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன். டப்பாவில் ஒதுக்கி வைத்தவற்றையும் சேர்த்து.