எது முந்தியதோ அது

கடனுக்குக் கையெழுத்து வாங்கும் புரோநோட்டுக்கு ஆயுசு மூன்று வருஷம். 1963-ஆம் வருஷத்து லிமிட்டேஷன் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. அதற்குள் கடன்காரரிடம் 'ஆமாம், இவ்வளவு பாக்கி இருக்கிறது' என்று எழுத்தில் ஒப்புதல் வாங்கிவிட்டால் அன்றிலிருந்து மறுபடி மூன்று வருஷம் ஓடும். வாங்காமல் விட்டால், பீரோவுக்குள் மடிப்புக் கலையாமல் பத்திரமாக இருந்தாலும் அந்தக் காகிதத்தை வைத்துக் கேஸ் போட முடியாது. யாரும் தொடவில்லை, கிழிக்கவில்லை, தண்ணீர் ஊற்றவில்லை. காலம் மட்டும் போயிருக்கும். அவ்வளவுதான்.

இருபது வருஷத்துக்கு மேலாக பேங்கில் குப்பை கொட்டுகிறேன். ஒரு புரோநோட்டைக்கூடக் காலாவதியாக விட்டதில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. மேஜையில் எப்போதும் ஒரு டியூ டேட் டைரி இருக்கும். இந்த மாதம் யாருடைய இன்ஷூரன்ஸ் முடிகிறது, யாரிடம் ரிவைவல் லெட்டர் வாங்க வேண்டும் என்று சிவப்பு மையில் எழுதி வைத்திருப்பேன். புதிதாகச் சேரும் பிள்ளைகளிடம் அந்த டைரியைக் காட்டி அரை மணி நேரம் லெக்சர் அடிப்பதும் உண்டு. பாவம், மேனேஜர் என்பதால் தலையாட்டிக் கேட்பார்கள்.

இப்படிப்பட்ட ஆசாமி தன் காரை எந்த லட்சணத்தில் வைத்திருந்தார் என்பதுதான் இன்றைய கதை.

கார் 2016 ஆகஸ்டில் கோயம்புத்தூரில் வாங்கியது. சின்ன பெட்ரோல் கார், மேனுவல் கியர். முதல் மூன்று இலவச சர்வீஸையும் தேதி தவறாமல் செய்தேன் (இலவசம் என்றால் தவறுமா?). பிறகு விஜயவாடாவுக்கு மாற்றல். அங்கே சர்வீஸுக்கு வண்டியை விட்டால் அட்வைசர் தம்பி ஒரு நீளமான லிஸ்டை நீட்டுவார். எஞ்சின் ஃப்ளஷ், ஏசி கிருமி நீக்கம், உள்ளே பாலிஷ், வெளியே கோட்டிங் என்று மொய் எழுதுவது மாதிரி போய்க்கொண்டே இருக்கும். நான் பேனாவை எடுத்து ஒவ்வொன்றாக அடிப்பேன். அடித்த இடத்தில் எல்லாம் இனிஷியல் போடுவேன், பேங்க் பழக்கம். 2020 பிப்ரவரியில் அப்படி ஒரு லிஸ்டில் பாதியை அடித்து மூவாயிரத்துச் சொச்சம் மிச்சம் பண்ணியதை வீட்டுக்கு வந்து தங்கமணியிடம் பெருமையாகச் சொன்னது நன்றாக நினைவிருக்கிறது.

அதற்கடுத்த மாதமே லாக்டவுன். 2021-ல் டேராடூனுக்கு மாற்றல். லாரியில் ஏறி வண்டி வந்து சேர்ந்தது. இங்கே குவார்ட்டர்ஸிலிருந்து கிளைக்கு நடந்தே போகலாம். ஞாயிற்றுக்கிழமை காய்கறி, எப்போதாவது ஸ்டேஷன், அவ்வளவுதான் ஓட்டம். மாதத்துக்கு 200, 250 கிலோமீட்டர் ஓடினால் அதிகம். 'பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு சர்வீஸ் என்றால் நமக்கு நாலு வருஷத்துக்குக் கவலையில்லை' என்று நானே கணக்குப் போட்டுக்கொண்டேன். பி.காம். படித்தவன் போட்ட கணக்கு! நடுவில் ஒருமுறை பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் எஞ்சின் ஆயில் மட்டும் மாற்றினேன். அதோடு சரி.

2023 ஜூனில் அம்மா கும்பகோணத்திலிருந்து வந்திருந்தார். மலையைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. டேராடூனிலிருந்து முசூரி 35 கிலோமீட்டர்தான். ஆனால் அந்த 35-க்குள் ஆயிரத்து முந்நூறு மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். ஏறும்போது ஒரு தொந்தரவும் இல்லை. மால் ரோட்டில் சோளம் தின்றோம். அம்மாவுக்குக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று நாலு மணிக்கே கிளம்பிவிட்டோம்.

சீசன் நேரம், சனிக்கிழமை. இறங்கும் வழி முழுக்க வண்டிகள். ஐம்பது அடி போனால் பிரேக், மறுபடி ஐம்பது அடி, மறுபடி பிரேக். நான் சமவெளிக்காரன். மூன்றாவது கியரில் வண்டியை விட்டுக் காலைப் பிரேக்கிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். பின்னால் மகள் ஏதோ வாசனை வருகிறது என்றாள். மற்ற வண்டிகளாக இருக்கும் என்றேன். மேகி பாயிண்ட் என்று சொல்லும் கடைவரிசைக்குக் கொஞ்சம் மேலே ஒரு வளைவு. முன்னால் ஒரு டெம்போ டிராவலர். பிரேக்கை அழுத்தினேன். பெடல் பஞ்சில் கால் வைத்தது போல உள்ளே போனது. எதிர்ப்பே இல்லை. தரை வரைக்கும் போய்விட்டது.

அந்த இரண்டு மூன்று விநாடியை இப்போது எழுதும்போதும் உள்ளங்கை வேர்க்கிறது. இடது பக்கம் மலை, வலது பக்கம் பள்ளம். பெடலைத் திரும்பத் திரும்ப மிதித்தேன். மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கினேன், எஞ்சின் அலறியது. ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து இழுத்தேன். அது கேபிளில் வேலை செய்வது, ஆயிலை நம்பி இல்லை. அதுதான் காப்பாற்றியது. வண்டி இடது ஓரத்து வடிகாலில் ஒரு சக்கரம் இறங்கி, மண்மேட்டில் உரசி நின்றது. டெம்போவுக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு ஆள் படுக்கலாம், அவ்வளவு இடம்.

"என்னப்பா, இங்கயா கடை?" என்றார் அம்மா. அவருக்கு ஒன்றும் புரியவில்லை. டீ குடிக்க நிறுத்தினேன் என்றே நினைத்திருக்கிறார். தங்கமணிக்குப் புரிந்துவிட்டது. ஒன்றும் பேசாமல் மகளின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பின்னால் வந்த டாக்சிக்காரர் இறங்கி வந்தார். கட்வாலி, ஐம்பது வயது இருக்கும். சக்கரத்தின் அருகே குனிந்து மோந்து பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார். "பாய் சாப், பிரேக் ஆயில் கப் பத்லா தா?"

எப்போது மாற்றினேன்? என்னிடம் பதில் இல்லை.

முக்கால் மணி நேரம் வண்டியை அப்படியே ஆறவிடச் சொன்னார். சூட்டோடு சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதே, டிஸ்க் கோணிவிடும் என்றார். ஆறியபின் மிதித்துப் பார்த்தால் பெடல் பழையபடி கெட்டியாக இருக்கிறது! ஒன்றுமே நடக்காதது போல. இதுதான் இந்தக் கோளாறின் மோசமான குணம். நாளைக்கு டவுனில் ஓட்டினால் ஒன்றும் தெரியாது, மறந்தே போய்விடும், அடுத்த மலை வரும்வரை. ஏறும்போது எந்த கியரோ இறங்கும்போதும் அதே கியர் என்று அவர் ஒரு பாடம் நடத்த, முதல் கியரிலும் இரண்டிலுமாக, அவருடைய டாக்சிக்குப் பின்னாலேயே இறங்கி வந்தேன். பணம் கொடுத்தேன், வாங்கவில்லை.

திங்கட்கிழமை மெக்கானிக் டப்பாவைத் திறந்து காட்டினார. புது பிரேக் ஆயில் தேன் நிறத்தில் இருக்கும். என்னுடையது கும்பகோணம் டிகாஷன். கற்றது கைமண் அளவுதான் என்றாலும் அவர் சொன்னதையும் நான் அப்புறம் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். பிரேக் ஆயிலுக்கு ஈரத்தை இழுக்கும் குணம் உண்டு. ரப்பர் ஹோஸ் வழியாக, டப்பா மூடியின் காற்றுத் துளை வழியாக, வண்டி ஓடினாலும் ஷெட்டில் நின்றாலும் இழுத்துக்கொண்டே இருக்கும். டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது. ஈரம் ஏறியபின் அதற்கான அளவு வெறும் 140. டாட் 4-க்கு 230, 155. மலை இறக்கத்தில் தொடர்ந்து பிரேக்கை மிதித்தால் அந்தச் சூடு தாராளமாக வரும். ஆயில் கொதித்தால் ஆவிக் குமிழி. திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். நாம் மிதிக்கிற மிதி முழுக்கக் குமிழியை நசுக்குவதிலேயே போய்விடும், சக்கரத்துக்குப் போய்ச் சேராது. ஆறினால் ஆவி மறுபடி திரவம், பெடல் கெட்டி.

அன்று இரவு கார் ஃபைலை எடுத்தேன். (எல்லா பில்லையும் பஞ்ச் பண்ணி ஃபைல் போடுகிற ஆள் நான். படிக்கிற ஆள் இல்லை என்பது அன்றுதான் தெரிந்தது.) வண்டியோடு வந்த புத்தகத்தில், பின்பக்கத்துக்குக் கொஞ்சம் முன்னால் அட்டவணை. ஏழு வருஷத்தில் அந்தப் பக்கத்தைத் திறந்ததே இல்லை. பிரேக் ஆயில்: 40,000 கிலோமீட்டர் அல்லது 2 வருஷம், எது முந்தியதோ அது. ஓடோமீட்டரில் 34,000. வருஷம் ஏழு ஆகப்போகிறது. அடியில் பொடி எழுத்தில் இன்னொரு வரி: அடிக்கடி குறைந்த தூரமே ஓட்டுபவர்கள், தூசி, மலைப் பாதையில் ஓட்டுபவர்கள் இன்னும் சீக்கிரம் மாற்ற வேண்டியவை என்று ஒரு தனிப் பட்டியல். நான் குறைவாக ஓட்டுகிறேன் என்று நிம்மதியாக இருந்தேன். புத்தகம் அதையே கஷ்டமான உபயோகம் என்கிறது. காய்கறிக்கடை வரை போய்த் திரும்பினால் எஞ்சின் முழுச் சூட்டுக்கே வருவதில்லை, அதனால் ஆயிலில் சேரும் ஈரமும் பெட்ரோலும் ஆவியாகிப் போகாமல் உள்ளேயே தங்கிவிடுமாம்.

பிறகு பில்கள். 2020 பிப்ரவரி ஜாப் கார்டு மேலாகவே இருந்தது. நான் பேனாவால் அடித்த ஏழு வரிகள். எஞ்சின் ஃப்ளஷ், கோட்டிங், பாலிஷ்.. ஐந்தாவது வரி 'பிரேக் ஃப்ளூயிட் ரீப்ளேஸ்மெண்ட்'. குறுக்கே கோடு. பக்கத்தில் என் இனிஷியல்.

அந்தத் தம்பி தலையில் கட்டப் பார்த்த ஏழில் ஆறு புத்தகத்தில் இல்லாதவை. ஒன்று இருந்தது. நான் ஏழையும் ஒரே கையால் அடித்திருக்கிறேன். ஸ்டாக் ஸ்டேட்மெண்டில் ஒரு பூஜ்யம் கூடினால் கண்டுபிடிக்கிறவன், கையில் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. காரில் வீட்டுப் பேர் மொத்தமும் உட்கார்ந்திருந்தார்கள். தங்கமணியிடம் அந்தக் கார்டைக் காட்டினேன். பார்த்துவிட்டு, "மூவாயிரம் மிச்சம்னு சொன்னீங்களே, அதுவா?" என்று மட்டும் கேட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

பிரேக் ஆயில் மாற்ற, கூலியோடு சேர்த்து 650 ரூபாய் ஆனது.

அந்த வாரமே மற்றதையும் பார்த்தேன். டயரின் பக்கவாட்டில் ஒரு நீளமான எழுத்து வரிசை இருக்கும், அதில் கடைசி நாலு எண்தான் பிறந்த தேதி. என் டயரில் 2816. 2016-ஆம் வருஷம் 28-ஆவது வாரம். பட்டன் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, பக்கச் சுவரில்தான் பாளம் பாளமாக வெடிப்பு. நாலையும் மாற்றினேன். கூலண்டும் மாற்றியாயிற்று. என் வண்டியில் டைமிங் செயின். பெல்ட் உள்ள வண்டிக்காரர்கள் தயவுசெய்து இன்றே புத்தகத்தைப் பாருங்கள், அது ஓட ஓட அறிகுறி காட்டாமல் அறுந்துபோகும் சாமான், அறுந்தால் பல எஞ்சின்களில் பிஸ்டனும் வால்வும் மோதிக்கொள்ளும்.

இப்போதும் சர்வீஸுக்குப் போனால் லிஸ்டில் அடிக்கத்தான் செய்கிறேன். கோட்டிங்கும் பாலிஷும் இன்னும் வேண்டாம்தான். ஆனால் புத்தகத்தைக் கையோடு கொண்டுபோய், அட்டவணைப் பக்கத்தைத் திறந்து கவுண்டரில் வைத்துக்கொண்டு அடிக்கிறேன். அங்கே இருக்கிற பெண் என்னைப் பார்த்தாலே பெருமூச்சு விடுகிறாள்.

சிவப்பு மை டைரியிலும் வண்டி ஏறிவிட்டது. கொஞ்ச நாள் கழித்துக் கிளையில் புது ஆபீசர் பையன் அதைப் புரட்டிக்கொண்டிருந்தவன், 2025 ஜூன் பக்கத்தில் நின்றுவிட்டான். இரண்டு ரிவைவல் லெட்டருக்கும் ஒரு இன்ஷூரன்ஸுக்கும் நடுவே 'பிரேக் ஆயில்' என்று எழுதியிருந்தது.

"சார், யே கௌன்ஸி பார்ட்டி ஹை?" என்றான்.

பழைய டிஃபால்டர் என்றேன்.