உப்புக்கடலில் இறங்கிய நாள்

முள்ளியவளையில் பிறந்து வளர்ந்தவள் நான். சிறு வயதில் நந்திக்கடலில் இறால் பிடிக்கும் அம்மாவின் பின்னால் பறியைத் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறேன். ஆனால் 2009 மே மாதத்துக்குப் பிறகு எட்டு வருடங்களாக உப்புத் தண்ணீரில் நான் கால் வைக்கவில்லை. மறுபடி கால் வைத்தது எங்கள் ஊரில் அல்ல, யோர்தான் நாட்டில். அந்தப் பயணத்தைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

2016 இல் வீட்டு வேலைக்காக யோர்தானுக்குப் போனேன். தலைநகரின் பெயர் அம்மான். வீட்டுக்காரியை 'மாமா' என்று கூப்பிட வேண்டும்; அரபு மொழியில் அது அம்மா. "அம்மானில் ஒரு மாமா வீட்டில் இருக்கிறேன்" என்று தொலைபேசியில் சொன்னபோது என் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அந்த வீட்டில் ஒரு மூதாட்டியைப் பார்த்துக்கொள்வதே என் முக்கிய வேலை. அவருக்கு முழங்கால் வருத்தம். அவர்கள் கிறிஸ்தவக் குடும்பம். மூதாட்டியின் சொந்த ஊர் மாதபா.

2017 சித்திரையில் ஒரு வெள்ளிக்கிழமை, குடும்பத்தோடு என்னையும் வாகனத்தில் ஏற்றினார்கள். முதலில் மாதபாவுக்குப் போனோம். அம்மானிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீற்றர். அங்குள்ள புனித ஜோர்ஜ் தேவாலயத்தின் தரையில் சின்னச் சின்ன நிறக் கற்களைப் பதித்து ஒரு வரைபடம் செய்திருக்கிறார்கள். ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. புனித பூமியைக் காட்டும் இன்றுள்ள வரைபடங்களில் இதுவே மிகப் பழையது என்கிறார்கள். பல பகுதிகள் அழிந்துவிட்டன. ஆனாலும் எருசலேம் நகரத்தின் மதிலும் வாசல்களும் தெளிவாகத் தெரிகின்றன.

மூதாட்டி கைத்தடியால் ஓரிடத்தைக் காட்டினார். யோர்தான் ஆறு சாக்கடலில் விழும் இடம். ஆற்றில் ஒரு மீன், கடலுக்குப் போகாமல் எதிர்ப்பக்கம் திரும்பி நீந்துகிறது. "உப்பைக் கண்டு பயந்து திரும்புகிறது" என்றார். எனக்கு அந்த மீனை நன்றாக விளங்கியது.

அடுத்து நேபோ மலை. மோசே வாக்களிக்கப்பட்ட நாட்டைக் கண்ணால் பார்த்து, அதற்குள் போகாமலே இறந்த இடம் இதுவென்பது நம்பிக்கை. உச்சியில் சிலுவையில் பாம்பு சுற்றியிருக்கும் ஓர் உலோகச் சிற்பம் நிற்கிறது. புளியம்பொக்கணை நாகதம்பிரானை நினைத்து நான் கை கூப்பினேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அங்கிருந்து பார்த்தால் கீழே சாக்கடல் தகடு போல மின்னியது.

மலையிலிருந்து இறங்க இறங்கக் காது அடைத்தது. சாக்கடலின் கரை, கடல் மட்டத்திலிருந்து 430 மீற்றருக்கும் கீழே இருக்கிறது. உலகில் நிலத்தின் மேல் இதைவிடத் தாழ்ந்த கரை இல்லை. பெயர் கடல் என்றாலும் அது ஓர் ஏரிதான். ஆறு வந்து விழும். வெளியே போக வழியில்லை. வெயிலில் தண்ணீர் ஆவியாக, உப்பு தங்கிவிடுகிறது. சாதாரணக் கடலைவிட ஏறத்தாழ பத்து மடங்கு உப்பு. மீன் வாழாது. ஆற்று நீரைப் பல நாடுகளும் மறித்து எடுப்பதாலும், உப்புச் சத்துகளைப் பிரித்தெடுக்கும் தொழிற்சாலைகளாலும் வருடத்துக்கு ஒரு மீற்றரளவு வற்றிக்கொண்டிருக்கிறது.

கரையில் இருந்து மூதாட்டி ஒரு கதை சொன்னார். தெற்கே வீதியோரம் ஒரு கல்தூண் நிற்கிறதாம். ஊர் எரியும்போது ஓடிய லோத்தின் மனைவி, திரும்பிப் பார்த்ததால் உப்புத்தூணாகிவிட்டாள். அவள்தான் அது என்பார்களாம். கேட்டதும் என் நெஞ்சு அடைத்தது.

நானும் திரும்பிப் பார்த்தவள். புதுமாத்தளனில் ஷெல் விழுந்து கணவர் போன பிறகு, மே மாதத்தில் நாங்கள் நந்திக்கடலுக்குள் இறங்கினோம். ஒரு கையில் நான்கு வயது மகள். மற்றக் கையை அம்மா பிடித்திருந்தார். கழுத்தளவு தண்ணீர், காலுக்குக் கீழே சேறு, பின்னால் வெடிச்சத்தம். நடுவில் அம்மாவின் கை விலகியது. திரும்பிப் பார்த்தேன். தலைகள் மட்டும் தெரிந்தன. அவற்றில் அம்மாவின் தலை இல்லை. மகளைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

இப்போது மூதாட்டியைத் தண்ணீரில் இறக்க வேண்டும். அது என் வேலை. மாட்டேன் என்று சொல்ல முடியாது. நீண்ட சட்டையோடு இறங்கினேன். வேலை செய்து வெடித்திருந்த என் கைகள் மிளகாய்த்தூள் பூசியது போல எரிந்தன. மூதாட்டி மல்லாந்து சாய்ந்தார். இலை போல மிதந்தார். நான் அவரது கையை இறுக்கிப் பிடித்திருந்தேன்.

"நீயும் படு" என்றார். படுத்தேன். கால்கள் தாமாக மேலே வந்தன. "இனிக் கையை விடு."

நான் விடவில்லை. அவர்தான் மெதுவாக விரல்களைப் பிரித்தார். நான் தாழவில்லை. காதில் தண்ணீர்ச் சத்தம், கண்ணுக்கு மேலே வானம். அழுதேன். கண்ணைத் துடைக்கக் கை போனது. "துடைக்காதே, எரியும்!" என்று மூதாட்டி சத்தம் போட்டார். அவரது கையை எட்டிப் பிடித்தேன். அது பக்கத்திலேயே இருந்தது.

போகக் கிடைக்கும் சகோதரிகளுக்குச் சில வார்த்தைகள். மல்லாந்துதான் மிதக்க வேண்டும். குப்புறப் புரண்டால் நிமிர்வது கஷ்டம், அப்படி இறந்தவர்களும் உண்டு. முகத்தை நனைக்கக் கூடாது, தண்ணீரை விழுங்கக் கூடாது. கால் மணித்தியாலம் போதும். உடனே நல்ல தண்ணீரில் குளிக்க வேண்டும்.

2018 இல் ஊர் திரும்பினேன். அடுத்த வருட வைகாசிப் பொங்கலுக்கு மகளோடு வற்றாப்பளைக்குப் போனேன். கடல்நீரில் விளக்கெரியும் என்று நம்பப்படும் கோயில் அது. கடலில் எடுத்த தண்ணீரை முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் வைத்து விளக்கேற்றி, பொங்கலன்று அம்மாளிடம் கொண்டுவருவார்கள். சிறு வயதிலிருந்து பார்த்த விளக்குத்தான். அன்று அதன் முன்னால் நெடுநேரம் நின்றேன்.

பிறகு இருவரும் நந்திக்கடற்கரைக்கு நடந்தோம். அம்மம்மாவைப் பற்றி அன்றுதான் மகளுக்கு முழுவதும் சொன்னேன். அவள் ஒன்றும் பேசாமல் முழங்காலளவு தண்ணீரில் இறங்கி, என் பக்கம் கையை நீட்டினாள். பூவைத் தண்ணீரில் விட்டோம்.

சற்றுத் தள்ளி இறால் பிடித்துக்கொண்டிருந்த ஓர் அக்கா, "கவனம் பிள்ளையள், அதுக்கங்கால சேறு" என்றார்.

"தெரியும் அக்கா" என்றேன்.