கூடி இசைத்தல்

நுழையும்முன்

பள்ளி நாள்களில் நண்பர்கள் கூடித் தொடங்கும் முயற்சிகள் பல, படிப்பு முடிந்ததும் கலைந்துவிடுகின்றன. சில மட்டுமே நிலைத்து நின்று, காலப்போக்கில் உருமாறி வளர்கின்றன. இங்கிலாந்தின் 'ஜெனிசிஸ்' இசைக்குழு அத்தகைய ஒன்று. அக்குழு உருவான வரலாற்றையும் அதன் தொடக்கக்காலத் தடுமாற்றங்களையும், அவ்விசையை நெடுங்காலமாகக் கேட்டுவரும் தமிழாசிரியர் ஒருவரின் பார்வையில் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

ஒரே பள்ளியில் இரு குழுக்கள்

இங்கிலாந்தின் சர்ரே மாவட்டத்தில் கோடல்மிங் என்னும் சிற்றூர் உள்ளது. அங்கிருக்கும் சார்ட்டர்ஹவுஸ் உறைவிடப் பள்ளி, 1611ஆம் ஆண்டு இலண்டனில் தொடங்கப்பெற்று, 1872இல் இவ்வூருக்கு இடம்பெயர்ந்த பழம்பெரும் பள்ளியாகும். கட்டுப்பாடு மிகுந்த அப்பள்ளிக்கு 1963ஆம் ஆண்டு செப்டம்பரில் 13 வயதுச் சிறுவர் இருவர் வந்து சேர்ந்தனர். ஒருவர் பீட்டர் கேப்ரியல். மற்றவர் டோனி பேங்க்ஸ். பேங்க்ஸ் முறையாகப் பியானோ பயின்றவர். கேப்ரியலுக்கோ அமெரிக்கக் கறுப்பினப் பாடகர்களின் உணர்ச்சிமிக்க பாடல்களில் பெருவிருப்பம். விடுதியில் இருந்த பியானோவின்முன் முதலில் அமர்வது யார் என்பதில் இருவருக்கும் போட்டி எழும். அப்போட்டியே நாளடைவில் நட்பாயிற்று.

அதே பள்ளியில் ஆண்டனி பிலிப்ஸ், மைக் ரூதர்ஃபோர்டு என்னும் வேறு இருவர் கிதார் வாசித்து வந்தனர். ரூதர்ஃபோர்டின் தந்தை கடற்படை அதிகாரி. கிதார் என்பது கலகத்தின் சின்னம் என்று கருதிய விடுதிப் பொறுப்பாசிரியர், ரூதர்ஃபோர்டு அதை வாசிக்கக் கூடாது என்று தடைவிதித்திருந்தார். தடை இருந்தும் இசை நிற்கவில்லை.

ஆக, பள்ளியில் இரு குழுக்கள் இயங்கின. 'கார்டன் வால்' என்பது கேப்ரியலும் பேங்க்ஸும் இருந்த குழு. 'அனான்' என்பது பிலிப்ஸும் ரூதர்ஃபோர்டும் இருந்த குழு. 1967ஆம் ஆண்டு இவ்விரு குழுக்களும் கலைந்தபோது, பிலிப்ஸும் ரூதர்ஃபோர்டும் தம் பாடல்களை ஒலிநாடாவில் பதிவுசெய்ய முனைந்தனர். பியானோ வாசிக்கப் பேங்க்ஸை அழைத்தனர். பாடுவதற்குத் தம் நண்பர் கேப்ரியலை அழைக்கலாம் என்றார் பேங்க்ஸ். அந்த ஒலிநாடா, அப்பள்ளியின் பழைய மாணவரும் இசைத் தயாரிப்பாளருமான ஒருவரின் கைக்குச் சென்றது. கேப்ரியலின் குரல் அவரைக் கவர்ந்தது. 'ஜெனிசிஸ்' என்று குழுவிற்குப் பெயரிட்டவரும் அவரே. 'தோற்றம்' என்பது அச்சொல்லின் பொருள். அப்போது பிலிப்ஸுக்கு வயது 15. மற்றவர்களுக்கு 16, 17. ஏறத்தாழ உங்கள் வயதுதான்.

மூன்று நிமிடங்களுக்கு அப்பால்

அக்காலத்தில் ராக் பாடல் என்றால் பெரும்பாலும் மூன்று நிமிடங்களில் முடிந்துவிடும். சிறிய இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மிக நீண்ட பாடலுக்கு இடமில்லை. வானொலியும் அதையே விரும்பியது. 1960களின் இறுதியில் பிரிட்டனின் இளங்கலைஞர் சிலர் இந்த எல்லையைக் கடக்க விழைந்தனர். பெரிய இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ 20 நிமிடம் ஓடும். அந்த இடம் முழுவதையும் ஒரே படைப்புக்குக் கொடுத்தால் என்ன என்று அவர்கள் எண்ணினர். ஐரோப்பியச் செவ்வியல் இசை, நாட்டார் இசை, ஜாஸ், தேவாலயப் பாடல் ஆகியவற்றின் கூறுகளை ராக் இசையோடு இணைத்தனர். தாளம் இடையிடையே மாறியது. ஒரே பாடலில் கதை, உரையாடல், அமைதி, ஆரவாரம் அனைத்தும் இடம்பெற்றன. இவ்வகை இசை 'புரோகிரசிவ் ராக்' எனப்பட்டது. பிங்க் ஃபிளாய்டு, கிங் கிரிம்சன், யெஸ் ஆகிய குழுக்களோடு ஜெனிசிஸும் இதன் முன்னோடிகளுள் ஒன்றாயிற்று.

நான் இவ்விசையை முதன்முதலில் கேட்டது, 1980களின் பிற்பகுதியில், கல்லூரி விடுதியில். அறை நண்பர் ஒருவர் வைத்திருந்த ஒலிநாடாவில் குழுவின் பெயர் மட்டும் கையால் எழுதப்பட்டிருந்தது. பாடலின் ஆங்கிலச் சொற்கள் எனக்கு விளங்கவில்லை. எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பதும் பிடிபடவில்லை. நண்பர்தான் வழி சொன்னார். "ஒரு தடவைக்கு ஒரு கருவியை மட்டும் பின்தொடர்ந்து கேள்" என்றார். ஒருநாள் கிதாரை, மறுநாள் டிரம்ஸை, பிறகு ஆர்கனை என்று கேட்டேன். ஒருவர் வாசிக்கும்போது மற்றவர் எங்கே ஒதுங்கி வழிவிடுகிறார் என்பது மெல்லப் புலப்பட்டது. பின்னாளில் நெடும்பாடல்களை வகுப்பில் நடத்தும்போது நான் கைக்கொண்டதும் இதே முறைதான்: முதல் வாசிப்பில் கதையை, அடுத்த வாசிப்பில் ஓசையை, அதற்கடுத்து உவமையைப் பின்தொடரச் சொல்வேன்.

தோற்ற முதல் முயற்சி

1968ஆம் ஆண்டு கோடை விடுமுறையில் அவர்கள் தம் முதல் பெரிய இசைத்தட்டைப் பதிவுசெய்தனர். 1969 மார்ச் மாதம் அது வெளிவந்தது. பதிவு முடிந்தபின், தயாரிப்பாளர் அவர்கள் வாசிப்பின்மேல் வயலின் முதலிய நரம்பிசைக் கருவிகளின் ஒலியைச் சேர்த்திருந்தார். இசைத்தட்டைக் கேட்ட பிலிப்ஸ் பெருஞ்சினம் கொண்டார். தாம் வாசித்த கிதாரே அந்த ஒலிக்கடியில் மறைந்துபோயிற்று என்பது அவருடைய வருத்தம்.

அட்டை முழுவதும் கறுப்பு நிறம். அதில் பொன்னிற எழுத்துகளில் தலைப்பு. ஜெனிசிஸ் என்பது விவிலியத்தின் முதல் நூலின் பெயருமாதலால், கடைக்காரர்கள் சிலர் அத்தட்டைச் சமயப் பாடல்களோடு அடுக்கி வைத்துவிட்டனர். ஏறத்தாழ 650 படிகளே விற்பனையாயின.

பள்ளிப்படிப்பு முடிந்திருந்தது. பேங்க்ஸ் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்திருந்தார். திரைப்படக் கல்வி பயிலும் வாய்ப்பு கேப்ரியலுக்குக் காத்திருந்தது. அந்நிலையில்தான், 1969ஆம் ஆண்டு, படிப்பை ஒதுக்கி வைத்துவிட்டு இசையையே முழுநேரப் பணியாக ஏற்பதென அவர்கள் முடிவெடுத்தனர். வசதியான குடும்பங்களில் பிறந்ததால்தான் இத்துணிவு அவர்களுக்கு வாய்த்தது என்று நீங்கள் எண்ணக்கூடும். அதில் உண்மை உண்டு. ஆனால் வசதி அவர்களுக்கு அளித்தது கொஞ்ச காலத்தை மட்டுமே. அக்காலத்தை எவ்வாறு செலவிட்டனர் என்பதில்தான் அவர்களுடைய வரலாறு தொடங்குகிறது.

குடிலில் ஒரு குளிர்காலம்

சர்ரே மாவட்டத்தின் டார்க்கிங் நகருக்கு அருகே, பள்ளி நண்பர் ரிச்சர்டு மெக்பெயிலின் பெற்றோருக்குச் சொந்தமான சிறு வீடு ஒன்று இருந்தது. 1969ஆம் ஆண்டின் இறுதியில் அங்குக் குடிபுகுந்த குழுவினர், அடுத்த ஆண்டின் வசந்தம்வரை அங்கேயே தங்கினர். நாளொன்றுக்குப் பத்து மணி நேரம்கூடப் பயிற்சி நடந்தது. முன்பு 'அனான்' குழுவில் பாடிய மெக்பெயில், இப்போது பாடுவதை விட்டுவிட்டு, சமைப்பதையும் கருவிகளை வண்டியில் ஏற்றிச் செல்வதையும் தம் பணியாக ஏற்றுக்கொண்டார்.

முன்னர்க் கேப்ரியலும் பேங்க்ஸும் ஓர் இணையாகவும், பிலிப்ஸும் ரூதர்ஃபோர்டும் மற்றோர் இணையாகவும் பாடல்களை இயற்றி வந்தனர். குடிலில் இந்த எல்லை கரையத் தொடங்கியது. இருவரும் பன்னிரண்டு தந்திக் கிதார்களில் ஒரே நேரத்தில் வெவ்வேறு சுரக்கோவைகளை மீட்ட, அவ்வொலிகள் பின்னிப் பிணைந்து ஒரே கருவிபோல் ஒலித்தன. அதன்மேல் பேங்க்ஸின் ஆர்கன் எழுந்தது. ஜெனிசிஸுக்கே உரிய ஒலி என்று பின்னர்ப் பேசப்பட்டது இதுவே. கருத்து மோதல்களும் குறைவில்லை. கூடி வாழ்வது எளிதன்று என்பதையும் அக்குளிர்காலம் அவர்களுக்குக் கற்பித்தது.

1970ஆம் ஆண்டு, இலண்டனில் உள்ள ரோனி ஸ்காட்ஸ் இசைக்கூடத்தில் அவர்கள் வாசித்ததைக் கேட்ட டோனி ஸ்டிராட்டன் ஸ்மித், தம்முடைய கரிஸ்மா நிறுவனத்தில் அவர்களைச் சேர்த்துக்கொண்டார். ஆளுக்கு வாரம் 10 பவுன் ஊதியம். இரண்டாவது இசைத்தட்டான 'டிரெஸ்பாஸ்' உருவாயிற்று.

விலகிய நண்பர்

அந்த இசைத்தட்டு வெளிவருமுன்பே, 1970 ஜூலையில், ஆண்டனி பிலிப்ஸ் குழுவிலிருந்து விலகினார். நாள்தோறும் பயணம், நோயுற்ற உடல். இவற்றுக்கெல்லாம் மேலாக, மேடை ஏறினாலே அவரை அச்சம் ஆட்கொண்டது. குழுவை உருவாக்கியவர்களுள் முதன்மையானவர், அழகிய இசைக்கோவைகளை அமைத்தவர், 18 வயதில் வெளியேறினார். குழு அன்றோடு முடிந்துவிட்டது என்றே மற்றவர்கள் எண்ணினர். தம் வரலாற்றில் கலைந்துபோகும் நிலைக்கு மிக அருகில் வந்த தருணம் அதுவே என்று பின்னாளில் அவர்கள் கூறியுள்ளனர்.

இப்பகுதியைப் படிக்கும்போதெல்லாம் ஒரு மாணவி என் நினைவுக்கு வருவாள். நான் பணியாற்றிய பள்ளியொன்றின் ஆண்டு விழாவிற்காக மாணவியர் வில்லுப்பாட்டுக் குழு ஒன்றை அமைத்தனர். பாடல்களை எழுதியதும் மெட்டமைத்ததும் அவள்தான். ஒத்திகையில் கணீரெனப் பாடுவாள். ஆனால் அரங்கில் நான்கு பேர் வந்து அமர்ந்துவிட்டால் கைகள் நடுங்கும், குரல் எழாது. விழாவிற்கு இரண்டு நாள் முன்னதாகத் தன்னால் இயலாது என்று சொல்லிவிட்டாள். தோழியர் அவளைக் கேலி செய்யவில்லை, வற்புறுத்தவுமில்லை. வேறொருத்தியை அவளிடத்தில் அமர்த்தினர். அவளே அமர்ந்து பாட்டைக் கற்றுக்கொடுத்தாள். விழா நாளில் திரைக்குப் பின்னே என்னருகில் நின்றிருந்தாள். ஒவ்வோர் அடிக்கும் அவள் உதடுகள் அசைந்தன. ஓரிடத்தில் தோழி சொல்லொன்றை மாற்றிப் பாடிவிட்டாள். நான் திரும்பிப் பார்த்தேன். "அதுவும் நல்லாத்தான் இருக்கு, ஐயா" என்றாள்.

மேடைக்கு உரியவர் சிலர். மேடைக்குப் பின்னால் நிற்க உரியவர் சிலர். இரண்டும் ஒரே கலையின் பணிகளே. இதனை இளமையிலேயே உணர்ந்துகொள்பவர்கள் பேறுபெற்றவர்கள்.

புதியவர் இருவர்

தொடர்வதென முடிவெடுத்த குழுவினர், புதிய டிரம்ஸ் கலைஞர் தேவை என்று 'மெலடி மேக்கர்' இதழில் விளம்பரம் செய்தனர். கேப்ரியலின் பெற்றோர் வீட்டில் தேர்வு நடந்தது. குறித்த நேரத்திற்கு முன்னரே வந்துவிட்ட இளைஞர் ஒருவரை, காத்திருக்கும் வேளையில் நீச்சல் குளத்தில் நீந்துமாறு கூறினர். அவர் நீந்தியபடியே, தமக்கு முன் வந்தவர்கள் வாசித்ததைக் காதுகொடுத்துக் கேட்டார். தம் முறை வருவதற்குள் வாசிக்க வேண்டிய பகுதிகளை மனத்தில் பதித்துக்கொண்டார். அவர்தான் ஃபில் காலின்ஸ். சிறுவயதில் இலண்டன் நாடக மேடையில் நடித்தவர். சார்ட்டர்ஹவுஸ் பள்ளிக்குத் தொடர்பில்லாதவர். வாய்ப்புக்காகக் காத்திருந்த நேரத்தையே பயிற்சி நேரமாக்கிக்கொண்டவர்.

1970ஆம் ஆண்டின் இறுதியில் அதே இதழில் மற்றொரு விளம்பரம் வெளிவந்தது. இம்முறை விளம்பரம் செய்தவர் ஒரு கிதார் கலைஞர். தேங்கிக் கிடக்கும் இசை வடிவங்களைக் கடந்துசெல்ல விரும்பும் தோழர்களைத் தேடுவதாக அதில் எழுதியிருந்தார். கேப்ரியல் அவரைத் தொலைபேசியில் அழைத்தார். ஸ்டீவ் ஹேக்கெட் என்னும் அக்கலைஞர் 1971 ஜனவரியில் இணைய, ஐவர் குழு நிறைவுற்றது.

> தெரிந்து தெளிவோம்
> *மெல்லோட்ரான்:* புரோகிரசிவ் ராக் இசைக்குழுக்கள் பெரிதும் பயன்படுத்திய கருவி. இதன் ஒவ்வொரு கட்டைக்குக் கீழும் ஒரு காந்த ஒலிநாடா இருக்கும். வயலின், புல்லாங்குழல், கூட்டுக்குரல் முதலியவற்றின் ஒலிகள் அந்நாடாக்களில் பதிவுசெய்யப்பட்டிருக்கும். கட்டையை அழுத்தினால் நாடா ஓடி அவ்வொலி எழும். ஏறத்தாழ 8 நொடிகளில் நாடா முடிந்துவிடும்; எனவே, கலைஞர் அதற்குள் அடுத்த சுரத்திற்குச் செல்ல வேண்டும்.

மேடை கற்பித்தவை

பன்னிரண்டு தந்திக் கிதார்களுக்குச் சுருதி சேர்க்க நேரமாகும். ஒவ்வொரு பாடலுக்குப் பின்னும் அரங்கில் சலசலப்பு எழும். அந்த வெற்றிடத்தை நிரப்பக் கேப்ரியல் கதை சொல்லத் தொடங்கினார். விந்தையும் நகைப்பும் கலந்த கதைகள் அவை. நாளடைவில் மக்கள் பாடலுக்காக மட்டுமன்றிக் கதைக்காகவும் காத்திருந்தனர். 1972 செப்டம்பரில் டப்ளின் நகர நிகழ்ச்சியில், அவர் திடீரெனத் தம் மனைவியின் சிவப்பு ஆடையை அணிந்து, நரித்தலை முகமூடியோடு மேடையில் தோன்றினார். அரங்கு திகைத்தது, இதழ்கள் எழுதின, குழுவின் பெயர் பரவியது. அதன்பின் வேடமும் நடிப்பும் அவர்களுடைய இசையின் பகுதிகளாயின.

தாய்நாட்டில் வரவேற்பு மெதுவாகவே வந்தது. 1971இல் வெளியான 'நர்சரி கிரைம்' இசைத்தட்டை இங்கிலாந்து அப்போது பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. பெல்ஜியமும் இத்தாலியும் அவர்களை முதலில் அரவணைத்தன. 1972இல் வந்த 'ஃபாக்ஸ்டிராட்' இசைத்தட்டே பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் 12ஆம் இடத்தைப் பெற்றது. ஏழு பகுதிகளாக அமைந்து, ஏறத்தாழ 23 நிமிடம் ஒலிக்கும் 'சப்பர்ஸ் ரெடி' என்னும் படைப்பு அதில்தான் இடம்பெற்றது. 650 படிகள் மட்டுமே விற்ற அந்த முதல் தட்டிலிருந்து இங்கு வந்துசேர மூன்றரை ஆண்டுகள் ஆயின.

இசையில் எஞ்சியவர்

'நர்சரி கிரைம்' இசைத்தட்டின் முதல் பாடல் 'தி மியூசிகல் பாக்ஸ்'. பத்து நிமிடத்திற்கு மேல் நீளும் அப்பாடல் ஐவர் பெயரிலும் வெளிவந்தது. ஆனால் அதன் கரு, பிலிப்ஸும் ரூதர்ஃபோர்டும் முன்பே அமைத்திருந்த கிதார் இசையாகும். பிலிப்ஸ் விலகிய பின்னரும் அவர் இட்ட வித்து அக்குழுவின் இசையில் முளைத்தது. மேடைதோறும் ஆயிரமாயிரம் பேர் அதைக் கேட்டனர்.

விலகிய பிலிப்ஸ் இசையைக் கைவிடவில்லை. இலண்டனின் கில்டுஹால் இசைப் பள்ளியில் முறையாகப் பயின்றார், பிறருக்குக் கற்பித்தார். 1977ஆம் ஆண்டு தம் முதல் தனி இசைத்தட்டான 'தி கீஸ் அண்டு தி கோஸ்ட்' என்பதை வெளியிட்டார். அதில் அவரோடு கிதார் வாசித்தவர் பள்ளித் தோழர் ரூதர்ஃபோர்டு. பாடியவர்களுள் ஒருவர், பிலிப்ஸ் விலகிய பின்னர் குழுவிற்கு வந்த ஃபில் காலின்ஸ். 1975இல் கேப்ரியலும் குழுவை விட்டுச் செல்ல, டிரம்ஸுக்குப் பின்னால் அமர்ந்திருந்த காலின்ஸே முதன்மைப் பாடகராகியிருந்தார்.

குழு என்பது ஒருநாளில் அமைந்து அப்படியே நிற்பதன்று. ஒருவர் தொடங்குவார், ஒருவர் விலகுவார், ஒருவர் சமைப்பார், ஒருவர் காத்திருந்து கேட்பார். வகுப்பில் நீங்கள் கூடிச் செய்யும் செயல்திட்டமோ நாடகமோ இதழோ, எதுவாயினும் இந்நால்வரும் அதில் இருப்பார்கள். இசைத்தட்டின் அட்டையில் பெயர் அச்சிடப்படாதவர்களின் பங்கும் அந்த இசைக்குள் இருக்கிறது. அதைக் கண்டறிய, ஒரு தடவைக்கு ஒரு கருவியைப் பின்தொடர்ந்து கேட்கும் பொறுமை வேண்டும்.