முட்டியில் அடங்கியவை

காடாற்றன்று ஐயாவின் அஸ்தியைச் சிறு முட்டியில் ஏந்திக் கீரிமலைக்குச் சென்றேன். 70 கிலோ எடையுடன் நடமாடியவர் இத்தனை இலேசாகிவிட்டாரே என்று நெஞ்சு கலங்கியது.

நான் இரசாயன ஆசிரியன். மனித உடலின் நிறையில் நூற்றுக்கு ஏறக்குறைய 65 பங்கு ஒட்சிசன், 18 காபன், 10 ஐதரசன், 3 நைதரசன் என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதுபவன். அவற்றுட் பெரும்பகுதி நீராவியாகவும் வாயுவாகவும் வானிற் கலந்துவிட்டது. முட்டியில் எஞ்சியவை பெரும்பாலும் எலும்பின் கல்சியமும் பொசுபரசுமே.

“தம்பி, உந்த இரசாயனத்தால் என்ன பயன்?” என்று ஐயா ஒருமுறை கேட்டார். அன்று விடை கூறத் தெரியவில்லை.

அஸ்தியைக் கரைத்து நிமிர்ந்தேன். கரையிற் பூவரசு தளிர்த்திருந்தது. காற்றிலுள்ள காபனீரொட்சைட்டைக் கொண்டே இலை வளர்கிறதென்பது பழைய பாடம். அன்றுதான் அது எனக்கு ஆறுதலாயிற்று.