குவீன்ஸ்டவுன் குளம்

சிங்கப்பூரில் கோடைகாலம் என்று தனியாக ஒன்று கிடையாது. பூமத்திய ரேகைக்கு ஒன்றரைப் பாகைக்கும் குறைந்த தூரத்தில் கிடக்கும் அந்தச் சிறு தீவில் வருஷம் முழுவதும் ஒரே வெயிலும் ஒரே மழையுந்தான். ஆயினும் ஜூன் மாதத்தில் பள்ளிக்கூடங்களுக்கு நீண்ட விடுமுறை விடுவது வழக்கமாதலால், பிள்ளைகளாகிய நாங்கள் அந்த ஜூன் மாதத்தையே எங்கள் கோடைகாலமாகப் பாவித்து வந்தோம். அடுக்குமாடி வீட்டின் சிமெண்டுச் சுவர் காலையிலேயே சூடேறிப் போகும் அந்த நாட்களில், ஒரு கையில் துண்டும் மறு கையில் சில்லறைக் காசுமாக நாங்கள் ஓடிய இடம் ஒன்று உண்டு. ஸ்டர்லிங் சாலையிலிருந்த குவீன்ஸ்டவுன் நீச்சல் குளம் அது.

குவீன்ஸ்டவுன் அந்தத் தீவின் முதல் துணைநகரம். 1953-ஆம் ஆண்டு எலிசபெத் ராணியாரின் பட்டாபிஷேகத்தை முன்னிட்டு அப்பெயர் இடப்பட்டது. 1960-இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தோன்றிய பிறகு குடியிருப்புகள் அங்கே மளமளவென்று எழுந்தன. துறைமுகத்திலும் ரயில்வேயிலும் வேலை பார்த்தவர்கள், கடைச் சிப்பந்திகள், எழுத்தர்கள் என்று சாமானிய ஜனங்கள் குடியேறிய பேட்டை அது. அங்கே 1970-ஆம் ஆண்டில் நூலகம் ஒன்றும் அதே ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் நீச்சல் குளமும் திறக்கப்பட்டன. அதற்கு முன்னரும் நகரத்துக்குள் பொதுக் குளங்கள் உண்டு. பழைய நீர்த்தேக்கம் ஒன்றை மாற்றியமைத்து 1931-இல் திறந்த மௌண்ட் எமிலி குளத்தையும், 1952-இல் திறந்த யான் கிட் குளத்தையும் பெரியவர்கள் சிலாகித்துப் பேசுவார்கள். ஆனால் அடுக்குமாடி வாசிகளின் வாசலிலேயே, அவர்களுக்கென்றே வெட்டப்பட்ட குளம் என்ற பெருமை எங்கள் குளத்துக்குத்தான் முதலில் வாய்த்தது. புத்தகமும் ஜலமும் ஒரே வருஷத்தில் ஓர் ஏழைப் பேட்டைக்கு வந்து சேர்ந்தன என்பதை இன்று நினைத்தாலும் எனக்கு மெய் சிலிர்க்கிறது.

ஜலத்தின் அருமை என் தந்தையாருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. 1963-இல் மழை பொய்த்துச் சிங்கப்பூரில் பத்து மாத காலம் குடிநீருக்குப் பங்கீடு இருந்ததையும், குழாயில் தண்ணீர் வரும் நேரத்துக்காக வாளிகளை வரிசையில் வைத்துவிட்டுக் காத்திருந்ததையும் அவர் அடிக்கடி சொல்லுவார். ஆறு என்று சொல்லிக்கொள்ளத்தக்க பேராறு ஏதும் இல்லாமல், குடிக்கும் நீரில் பெரும்பகுதிக்கு மலேசியாவின் ஜொகூரை எதிர்பார்த்து வாழ்ந்த ஒரு தேசம், அந்த வறட்சி நீங்கிச் சில வருஷங்களுக்குள் ஐம்பது மீட்டர் நீளத்துக்குக் குளம் வெட்டி, கூலிக்காரர் பிள்ளைகள் குதித்து விளையாடுவதற்காக அதில் தெள்ளிய நீரை நிரப்பி வைத்தது. இருபது மீட்டர் அகலமும் இரண்டு மீட்டர் ஆழமும் என்று வைத்துக் கணக்குப் போட்டாலே இருபது லட்சம் லிட்டர் ஆகிறது. முதன்முறை எங்களை அழைத்துச் சென்ற தினத்தன்று தந்தையார் குளத்தில் இறங்கவில்லை. கரையில் நின்று, குனிந்து, ஒரு கை ஜலத்தை அள்ளிப் பார்த்துவிட்டு, அதைச் சிந்தாமல் திரும்பக் குளத்திலேயே விட்டார்.

உள்ளே பிரவேசிப்பதற்குமுன் குளிர்ந்த நீரில் உடம்பு கழுவிக்கொண்டாக வேண்டும். அந்த நிபந்தனை எங்களுக்குப் பெருந்தொல்லையாக இருந்தது. குளத்தங்கரையில் மூக்கைத் துளைக்கும் அந்த நெடி சுத்தத்தின் வாசனை என்றே நான் வெகுகாலம் நம்பியிருந்தேன். குளோரின் மருந்து மனிதர்களின் வியர்வையோடும் சிறுநீரோடும் சேரும்போது உண்டாகும் வேறொரு பொருளின் நெடியே அது என்பதும், எல்லாரும் ஒழுங்காக உடம்பு கழுவிவிட்டு இறங்கினால் அந்த நெடி பெரும்பாலும் இராது என்பதும் பிற்பாடு ரசாயனம் படித்தபோதுதான் விளங்கிற்று. கண்கள் சிவந்து எரியும். மாலையில் மின்விளக்கைப் பார்த்தால் சுற்றிலும் ஒரு வண்ண வளையம் தெரியும். அதையும் நாங்கள் ஒரு விசேஷ சித்தியாகவே கருதி ஆனந்தப்பட்டோம்.

சீனப் பிள்ளைகள், மலாய்ப் பிள்ளைகள், தமிழ்ப் பிள்ளைகள், எவராயினும் குளத்தின் விளிம்பில் வரிசையாக நின்று குதிக்கும்போது 'சத்து, துவா, தீகா' என்று மலாயில்தான் எண்ணுவோம். வீட்டில் வெவ்வேறு பாஷை பேசியவர்கள், வெவ்வேறு பள்ளிகளில் படித்தவர்கள், 'தீகா' என்ற சொல் காதில் விழுந்தவுடன் ஒரே கணத்தில் ஆகாயத்தில் இருந்தார்கள். 1964-இல் இனக்கலவரம் மூண்டு மனிதர் மாண்ட ஊர் இது. அரைகுறை ஆடையில், நனைந்த தலையோடு, ஒருவன் தோளை ஒருவன் பற்றிக்கொண்டு நின்ற அந்த வரிசையின் மகிமை அக்கலவரத்தைக் கண்டிருந்த பெரியவர்களுக்கு எங்களைவிட நன்றாகப் புலப்பட்டிருக்க வேண்டும்.

ஜூன் மாதத்தில் சில காலை வேளைகளில் சுமத்ராப் பக்கமிருந்து காற்றும் இடியும் கடலைத் தாண்டித் திடீரென்று வந்து மோதும். வானம் கறுத்தவுடனே காவலர் விசிலை ஊதுவார். ஊதினால் அத்தனை பேரும் கரையேறிக் கூரைக்கடியில் ஒதுங்க வேண்டும், மின்னல் விஷயத்தில் தாட்சண்யமே கிடையாது. அந்தக் காத்திருப்பில்தான் பசி தெரிய ஆரம்பிக்கும். காற்றைக் காட்டிலும் தண்ணீர் பன்மடங்கு வேகமாக உடம்பின் சூட்டை இழுத்துக்கொள்ளுமாதலால், நீந்திவிட்டு வந்தவன் வயிறு மற்றவன் வயிறுபோல் இருப்பதில்லை. வாசலில் கச்சாங் பூத்தே விற்றுக்கொண்டிருந்தவர் தமிழர்; கடலையையும் கொண்டைக்கடலையையும் பட்டாணியையும் முறுக்குத் துண்டுகளையும் தனித்தனித் தகரங்களில் வைத்திருப்பார். பழைய நோட்டுத் தாளைச் சுருட்டி, அடியை மடித்துத் திருகி, அதில் கேட்டதைக் கொட்டித் தருவார். தின்று முடித்துத் தாளைப் பிரித்தால் யாரோ ஒரு பிள்ளையின் பெருக்கல் கணக்கும் அதன்மேல் ஆசிரியரின் சிவப்பு மையும் தெரியும். காசை நீட்டினால் உடனே வாங்கமாட்டார். "தம்பி, மொதல்ல தலையத் தொவட்டு. சளி புடிச்சா ஒங்கம்மா என்னையத்தான் ஏசும்" என்பார்.

நீச்சலில் எனக்கு மிகவும் பிடித்தது உயிர்காப்புப் பயிற்சி. பைஜாமா அணிந்தபடியே ஆழத்தில் குதிக்க வேண்டும். துணி நனைந்து கனத்துக் கால்களைக் கீழே இழுக்கும். கால்களை மட்டும் உதைத்து மிதந்துகொண்டே கால்சட்டையைக் கழற்றி, இரண்டு நுனிகளையும் சேர்த்து இறுக முடிச்சிட்டு, இடுப்புப் பக்கத்தை விரித்துப் பிடித்துப் பின்னாலிருந்து தலைக்குமேல் வீசி, காற்றோடு சேர்த்துத் தண்ணீரில் சட்டென்று அமுக்க வேண்டும். சரியாகச் செய்தால் இரு கால்களும் பூசணிக்காய்போல் உப்பி நிற்கும். அவற்றின் நடுவே கழுத்தை வைத்துக்கொண்டு மல்லாந்து கிடக்கலாம். நம்மை முழுக வைக்கப் பார்த்த அதே துணி நம்மைத் தாங்குவதைக் கண்டபோது எனக்குண்டான ஆச்சரியம் பின்னாளில் எந்த வித்தையைக் கண்டும் உண்டாகவில்லை.

இந்த வித்தையில் என்னைவிடக் கெட்டிக்காரி என் தமக்கை. என்னைவிட இரண்டு வயது மூத்தவள். நீரில் இறங்கினால் ஓசையே எழாது. 1973-ஆம் ஆண்டு செப்டம்பரில் தென்கிழக்காசியத் தீபகற்ப விளையாட்டுகள் சிங்கப்பூரில் நடந்தபோது, தோ பாயோவில் புதிதாகக் கட்டிய குளத்தில் நீச்சல் வீராங்கனை பாட்ரிசியா சான் நீந்தித் தங்கப் பதக்கங்கள் பெறுவதைச் சமூக மன்றத்துக் கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சியில் கூட்டத்தோடு கூட்டமாக நின்று பார்த்தோம். மறுநாள் முதல் அக்காவின் கைவீச்சே மாறிவிட்டது. அப்பெண்மணியைப் போலவே திருப்பத்தில் சுவரை உதைத்துக் கிளம்புவதற்கு அவள் பட்ட பிரயாசை எங்கள் பேட்டைப் பிள்ளைகள் அனைவருக்கும் தெரியும்.

அடுத்த ஜூன் விடுமுறைக்குள் அவள் பெரியவளானாள். சடங்கெல்லாம் முடிந்து விடுமுறை தொடங்கிய அன்று அவள் வழக்கம்போலத் துண்டை எடுத்தாள். "வயசுக்கு வந்த பொண்ணுக்கு இனிமே என்ன தண்ணி வெளையாட்டு?" என்று பாட்டி கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, சோறு வடிக்கும் நேரமாயிற்று என்று சொல்வதுபோல் சாதாரணமாகத்தான் கேட்டார். தாயார் மௌனமாக இருந்தார். ஒரு கை ஜலத்தைச் சிந்த மனம் வராத தந்தையாரும் பேசவில்லை. அக்கா துண்டைக் கொடியில் போட்டுவிட்டுச் சமையலறைக்குள் போனாள். எங்கள் வீட்டில் மட்டும் நடந்ததன்று இது. அந்த வருஷங்களில் எங்கள் மாடித் தாழ்வாரத்திலிருந்த தமிழ்ப் பெண் குழந்தைகள் ஒவ்வொருத்தியாக இப்படித்தான் குளத்தைவிட்டு மறைந்தார்கள். சர்க்கார் எல்லாருக்கும் பொதுவென்று சில்லறைக் காசுக்குத் திறந்துவிட்ட வாசலை வீடு ஒரே கேள்வியால் அடைத்துவிட்டது. அக்கேள்விக்கு அன்று யாரேனும் ஒருவர் மறுமொழி சொல்லியிருக்க வேண்டும் என்ற அபிப்பிராயம் எனக்கு வயது ஏற ஏற உறுதிப்பட்டே வருகிறது. நீந்தத் தெரிந்த உடம்பை நீரிலிருந்து விலக்கி வைப்பது சிறு தண்டனையா?

நாங்கள் அங்கிருந்து வேறு பேட்டைக்கு வீடு மாறி எத்தனையோ வருஷங்களாகின்றன. குவீன்ஸ்டவுன் நூலகக் கட்டடத்தைப் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக 2014-இல் அறிவித்தார்கள் என்று படித்தபோது மனம் நிறைந்தது; ஊரின் பொதுக் குளங்களுக்கும் அவ்வாறே மதிப்புத் தர வேண்டும் என்று எழுத ஆசைப்பட்டேன். ஆனால் மௌண்ட் எமிலிக் குளம் இப்போது இல்லை. யான் கிட் குளத்தை 2001-இல் மூடிவிட்டார்கள்.

அக்கா தன் மகளுக்கு நீச்சல் பழக்கும் பொறுப்பை வேறொருவரிடம் விடவில்லை. முழங்கால் வரையும் முழங்கை வரையும் மூடும் நீச்சலுடைகள் கடைகளுக்கு வந்த காலத்தில், நாற்பது பிராயம் கடந்த பிறகு, மகளோடு தானும் இறங்கினாள். இப்போது அவள் வீட்டுக்கருகிலுள்ள குளத்தில் காலை வேளைகளில் அண்டை அயலிலுள்ள ஸ்திரீகள் சிலர் அவளிடம் கற்றுக்கொள்கிறார்கள். அவர்களுள் அறுபது வயதுக்கு மேற்பட்ட ஓர் அம்மாளும் உண்டு. முதல் பாடமாக, விளிம்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு முகத்தை ஜலத்துக்குள் வைத்து மூச்சு விடச் சொல்கிறாள். இரண்டு வாரம் அதைத் தவிர வேறொன்றும் சொல்லித்தருவதில்லையாம். அவசரப்படுகிறவர்களைக் கரையேறச் சொல்லிவிடுகிறாள்.