கடைசியாப் போறவர் பூட்டிட்டுப் போங்கோ

எங்கட ஊர் வாசிகசாலைக்குக் காவலாளி கிடையாது. திறப்பு உள்பக்கம் ஒரு ஆணியில் தொங்கும். "கடைசியாப் போறவர் பூட்டிட்டுப் போங்கோ" என்று மட்டையில் எழுதி ஒட்டியிருப்பார்கள். பத்து வயதில் ஒருநாள், நான்தான் கடைசி ஆள் என்று நினைத்துப் பூட்டிவிட்டு வந்துவிட்டேன். பின்னறையில் ஒரு ஐயா பேப்பர் வாசித்துக்கொண்டு இருந்திருக்கிறார். அன்றைக்கு வீட்டில் எனக்கு நல்ல பேச்சு விழுந்தது.

நான்தான் கடைசி என்று எப்படித் தெரிந்துகொள்வது? அதே கேள்வி, கம்பஸ் கடைசி வருடத்தில், லினக்ஸ் கேர்னலுக்குள் திரும்பவும் என்னிடம் வந்தது.

கேர்னல் பெரும்பாலும் சி மொழியில் எழுதப்பட்டது. வாங்கிய மெமரியை நாங்கள்தான் திருப்பிக் கொடுக்கவேண்டும். பின்னால் வந்து கூட்டி அள்ள ஆள் இல்லை. ஆனால் ஒரு பொருளை ஒரே நேரத்தில் பல பேர் பிடித்திருப்பார்கள். யூஎஸ்பியில் ஒரு சென்சரைச் செருகினால், அதற்கென்று டிரைவர் ஒரு பொருளை உருவாக்கும். செருகியிருக்கும் வரை டிரைவருக்கு அது தேவை. அந்த சென்சரைத் திறந்து வாசிக்கிற புரோகிராமுக்கும் தேவை. இதில் யார் அழிப்பது?

விடை மிகச் சின்னது. பொருளுக்குள்ளேயே ஒரு எண்ணை வைப்பது. பிடிக்கிறவர் ஒன்று கூட்டவேண்டும், விடுகிறவர் ஒன்று குறைக்கவேண்டும். யார் குறைக்கும்போது பூச்சியம் வருகிறதோ, அவர் அழித்துவிட்டுப் போகவேண்டும். லினக்ஸில் இதற்கு கேரெஃப் என்று பெயர். கூட்டுவது கெட், குறைப்பது புட். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: எத்தனை பேர் என்றுதான் அந்த எண்ணுக்குத் தெரியும். யார் யார் என்று தெரியாது.

எங்கட புரொஜெக்ட், நெல் களஞ்சியத்தின் ஈரப்பதனை அளக்கிற ஒரு பெட்டி. டிரைவர் எழுதினது நான். புரோகிராம் வாசித்துக்கொண்டிருக்கும்போது வயரைக் கழற்றினால் முழு மெஷினும் விழுந்தது. திறக்கிற இடத்தில் கெட் போட மறந்திருந்தேன். வயர் போனதும் எண் பூச்சியமாகி, பொருள் அழிந்தது. புரோகிராமோ அழிந்த இடத்தையே இன்னும் வாசித்துக்கொண்டிருந்தது. ஐயாவை உள்ளே வைத்துப் பூட்டின அதே கதை.

ஆனால் காரணம் இதுதான் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. டெமோவுக்கு ஒரு இரவுதான் இருந்தது. விடியப்புறம் இரண்டு மணிக்கு, சென்சரைச் செருகும் இடத்தில் சும்மா ஒரு கெட்டைக் கூடுதலாகப் போட்டேன். அதற்குரிய புட் எங்கேயும் இல்லை. எண் இனி ஒருநாளும் பூச்சியமாகாது, பொருள் ஒருநாளும் அழியாது. பத்துத் தரம் கழற்றிப் பார்த்தேன், விழவில்லை. "கழற்றும்போது விழுகிற பிழை திருத்தப்பட்டது" என்று எழதிவைத்துவிட்டுப் படுத்தேன். செய்தது திருத்தம் இல்லை என்று எனக்குத் தெரியும். ஒருத்தருக்கும் சொல்லவில்லை. நல்ல மார்க்ஸ் வந்தது.

பெட்டியை ஒரு மாமாவின் களஞ்சியத்தில் பூட்டினோம். அங்கே வயர் கொஞ்சம் லூஸ். நிமிசத்துக்கு இரண்டு தரம் விட்டுவிட்டுப் பிடிக்கும். ஒவ்வொரு தரமும் 64 கிலோபைட் திரும்பி வராமல் போனது. 8,000 தரத்தில் 500 மெகாபைட். பெட்டியில் இருந்ததே 512. மூன்றாம் நாள் நின்றுவிட்டது. கேர்னலுக்குள் தொலைகிற மெமரி எந்தப் புரோகிராமின் கணக்கிலும் வராது. எல்லாப் புரோகிராமையும் நிறுத்தினாலும் திரும்பாது.

மாமா தன் மகன் எதையோ நோண்டிவிட்டான் என்று நினைத்தார். பேச்சு வாங்கினது அந்தப் பெடியன்.

அதற்குப் பிறகுதான் ஒழுங்காக வாசிக்கத் தொடங்கினேன். 2016 ஜனவரியில் லினக்ஸில் ஒரு ஓட்டை வெளியே தெரியவந்தது. சாவிகளைச் சேர்த்து வைக்கிற கீரிங் என்ற பகுதியில், ஒரு புரோகிராம் தன்னிடம் ஏற்கெனவே இருக்கிற கீரிங்கையே திரும்பக் கேட்டால், கெட் நடக்கும், புட் நடக்காது. தொலைவது ஒரே ஒரு எண்ணிக்கைதானே? ஆனால் அந்த எண் 32 பிட். கிட்டத்தட்ட 4,294,967,296 தரம் கேட்டால் சுற்றிவந்து பூச்சியத்தில் நிற்கும். ஆட்கள் உள்ளே இருக்கத்தக்கதாகப் பொருள் அழியும். சாதாரண பயனர் ஒருவர் அதை வைத்து முழு மெஷினையும் கைப்பற்றலாம். 2013இல் வந்த 3.8 பதிப்பிலிருந்து அது அங்கேயே இருந்திருக்கிறது. திருத்தம், விடுபட்ட ஒரு புட். ஒரே ஒரு வரி.

2017இல் வந்த 4.11 பதிப்பில் ரெஃப்கவுண்ட் என்ற புதிய வகையைச் சேர்த்தார்கள். எண் எல்லையைத் தாண்டப் பார்த்தால் அப்படியே உறைந்துவிடும், பூச்சியத்துக்கு வராது, பொருளும் அழியாது. அதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. விழுவதைவிட மெமரி தொலைவது பரவாயில்லை என்ற முடிவு. நான் இரண்டு மணிக்குச் செய்ததும் அதுதானே!

ஒரு வித்தியாசம் இருந்தது. உறைகிற நேரம் கேர்னல் தன் பதிவேட்டில் எச்சரிக்கை எழுதுகிறது: "சாச்சுரேட்டட், லீக்கிங் மெமரி." நிரம்பிவிட்டது, மெமரி தொலைகிறது, வந்து பாருங்கள் என்று சத்தம் போடுகிறது. நான் "திருத்தப்பட்டது" என்று எழுதியிருந்தேன்.

கூடுதல் கெட்டை அழித்தேன். திறக்கிற இடத்தில் ஒரு கெட், மூடுகிற இடத்தில் ஒரு புட். மூன்று வரி வேலை. பிறகு களஞ்சியத்துக்குப் போய், "மாமா, அது தம்பி செய்தது இல்லை, நான் விட்ட பிழை" என்று சொன்னேன். மாமா ஒன்றும் பேசவில்லை. பெடியன்தான் கதவடியில் நின்று கேட்டான்:

"அண்ணா, அதை அண்டைக்கே சொல்லியிருக்கலாமே?"